பாலத்துக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 7, சனி

இந்த நோட்டு எனக்காக வாங்கியது இல்லை. கவுன்சலிங் போன இடத்தில் கதிரேசனை தினமும் ஏதாவது எழுதச் சொன்னார்கள். இரண்டு முறை போனார், பிறகு போகவில்லை. நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. அட்டையில் சாம்பார் சிந்திய பிறகு, இனி அவர் தொடமாட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று துணி மடித்தேன். தோசைக்கு அரைத்தேன். கிரைண்டர் ஓடும்போது மாடிக்குப் போனவர் அது நின்றதும் இறங்கி வந்தார். குக்கரை ஜூலையிலேயே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பருப்பு இப்போது திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது. தாளிப்பதெல்லாம் அவர் ஆபீஸ் போன பிறகு. கடுகு வெடிப்பது இவ்வளவு பெரிய சத்தம் என்று இத்தனை வருடம் சமைத்தும் எனக்குத் தெரியாது.

ஷெரிஃப் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. துப்பாக்கி போன மாதமே வீட்டுக்கு வந்துவிட்டது. பென்சில்வேனியாவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். சட்டைக்கு அடியில் மறைத்து வெளியே கொண்டுபோவதற்கும், காரில் வைத்துக்கொள்வதற்கும்தான் வேண்டும். அதைத்தான் கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

விண்ணப்பத்தில் குடும்பத்துக்கு வெளியே இருவர் பெயரைத் தர வேண்டும். தேவைப்பட்டால் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். ஒருவர் ஆபீஸ் நண்பர். இன்னொருவர் அழகப்பன் அண்ணன். நாங்கள் இந்த ஊருக்கு வந்த வருடம் முதல் பழக்கம். தமிழ்ச் சங்கத்தில் நாற்காலி போடுவது முதல் நன்றியுரை வரை எல்லாம் அவர்தான்.

இன்று முறுக்கோடு வந்தார். கதிரேசன் குளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, உன் வீட்டுக்காரரு என்னையப் போயி சாட்சியா போட்டிருக்காரு. என்னை நல்லவன்னு சொல்ல என் பொண்டாட்டியே யோசிப்பா."

"அவரை நல்லவர்னு நீங்க சொல்லணும்ணே. உங்களைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுவரைக்கும் தப்பிச்சேன்." சிரித்தார். பிறகு குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன் வந்தா, ஆளு எப்படி இருக்காருன்னு கேப்பாங்கல்ல. என்ன சொல்லட்டும்?"

"இருக்கிறதைச் சொல்லுங்க."

"இருக்கிறதுன்னா?"

காபி பொங்கப் பார்த்தது. அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கே நம்மவர்கள் நடுவில், "அவர் தூங்குவதில்லை" என்று ஒருவரிடம் சொன்னால் பொங்கல் விழாவுக்குள் எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு நலம் விசாரிப்பார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜூனில் நடந்ததை ஒரு முறை எழுதிவைக்கிறேன்.

ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கேஸ் ஸ்டேஷன், பெட்ரோல் பங்க்கும் கடையும் சேர்ந்தது. அங்கே கல்லாவில் தில் பகதூர் என்று ஒரு நேபாளி, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கதிரேசனைக் கண்டதும் காபியை ஊற்றி வைத்துவிடுவார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதே இல்லை. அன்று அவர் கோப்பையை நீட்டியபோது பின்னால் ஒருவன் வந்து நின்றான். கதிரேசனைத் தள்ளிவிட்டான். இவர் தரையில் விழுந்தார். சத்தம் கேட்டது. இவர் எழுந்தபோது கோப்பை கவுண்டரில் அப்படியே நின்றதாம், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். தில் பகதூரைக் காணோம். எட்டிப் பார்த்தால்தான் தெரிந்தார்.

இவ்வளவுதான் எனக்குச் சொன்னார். போலீஸுக்கும் இதைத்தான் சொன்னார்.

மூன்று நாள் முன்பு நான் அங்கே போனேன். வீட்டில் சொல்லவில்லை. கல்லாவில் ஒரு சின்னப் பெண். ஒரு காபி வாங்கிக் காரில் உட்கார்ந்து குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கிறது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் அது அடித்தது.

செப்டம்பர் 28, சனி

சங்கத்தின் மாதக் கூட்டம், நூலக ஹாலில். போன மாதம் வருமான வரி, இந்த மாதம் துப்பாக்கிச் சட்டம். இட்லிக்காக வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். பேசியவர் ஹேமலதா என்ற வக்கீல். எங்களைவிடச் சின்னவர், ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்.

"மேடம், கோயிலுக்குள்ள கொண்டு போலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"கோயில்காரங்க வேணாம்னா வேணாம். செருப்பையே வெளியதான் விடுறோம், இதையும் விட்டுட்டு வாங்க."

"எங்க விடுறது, செருப்பு ஸ்டாண்டுலயா?"

"உங்க செருப்பே திரும்பக் கிடைக்கிறதில்ல" என்றார் அழகப்பன் அண்ணன். ஹாலே சிரித்தது. 

போஸ்ட் ஆபீசுக்குள் கூடாது. கோர்ட்டுக்குள் கூடாது. பள்ளிக்கூட வளாகத்துக்குள் கொண்டுபோனால் வழக்கு வரும். கதிரேசன் ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டார். கடைசியில் கையைத் தூக்கினார்.

"நியூஜெர்சிக்குப் போனா?"

"நம்ம லைசென்ஸ் அங்க வெறும் அட்டை சார். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நெனச்சுக்காதீங்க. ஆத்துப் பாலத்தைத் தாண்டினா செல்லாது."

"குண்டை எடுத்துட்டு, பூட்டி, டிக்கியில வச்சா?"

"அது கடந்து போறவங்களுக்கு. கெளம்புற ஊர், போய்ச் சேர்ற ஊர், ரெண்டுலயும் உங்களுக்கு அனுமதி இருக்கணும். நடுவுல ஒரு மாநிலம் வந்தா, நீங்க சொன்ன மாதிரி பூட்டி வச்சுக் கடக்கலாம். அங்கயே போய்த் தங்குறதுக்கு அது பொருந்தாது. பிடிபட்டா ஜெயில். தெரியாம வந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

"எங்க பொண்ணு அங்க இருக்கா" என்றார்.

"அப்ப பொண்ணைப் பாக்கப் போறப்ப வீட்டுல வச்சுட்டுப் போங்க சார். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்பதுபோல் அவரும் தலையாட்டினார்.

அக்டோபர் 4, வெள்ளி

லைசென்ஸ் வந்துவிட்டது. அழகப்பன் அண்ணனுக்குப் போன் எதுவும் வரவில்லையாம்.

அக்டோபர் 5, சனி

கதிரேசன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டார். வகுப்பு நடப்பது ஒரு பள்ளிக்கூடத்தில். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவர். "வேலை ஜாஸ்தி" என்று சங்கத்துக்கு எழுதியிருக்கிறார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

அக்டோபர் 6, ஞாயிறு

இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. நம் லைசென்ஸ் செல்லும் மாநிலம் பச்சை, செல்லாதது சிவப்பு. மெடிக்கல் பில்லிங் வேலைக்கு நடுவே அதைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒஹையோ பச்சை. மேற்கு வர்ஜீனியா பச்சை. அங்கெல்லாம் எங்களுக்கு யாரையும் தெரியாது. மேரிலாந்தில் என் தம்பி, நியூயார்க்கில் அவருடைய சித்தி மகன், நியூஜெர்சியில் மகிழினி. தெரிந்தவர்கள் எல்லோரும் சிவப்பில்.

தம்பிக்குப் போன் செய்து, நவராத்திரிக்கு வரட்டுமா என்று கேட்டேன். "என்னக்கா, நீயா கேக்குற?" என்று ஆச்சரியப்பட்டான். கதிரேசன் வரவில்லை என்று சொல்லிவிட்டார். தோள்பட்டை வலியாம். அவர் இல்லாமல் போவதற்கு எனக்கும் மனம் வரவில்லை.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. புத்தகங்கள், கார் சாவிகள், என் கணினி, கத்தரிக்கோல், ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனை. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தேன். கடைசியில் அவர் துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டிமேல் ஒரு பொட்டு வைத்தேன்.

"உள்ள இருக்கிறதுக்கு?"

"பெட்டிக்கு வச்சாச்சுல்ல."

அவர் பெட்டியைத் திறந்து நீட்டினார். சந்தனம் ஈரமாக இருந்தது. பட்டால் துருப்பிடிக்கும் என்றேன். அவர் யோசித்துவிட்டு மூடினார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. சின்ன வயதில் பாடப் புத்தகத்துக்கு விடுமுறை என்று நான் துள்ளிய நாள். நேற்றும் அப்படித்தான் இருந்தது. சுண்டல் தாளித்தேன், அவர் வீட்டில் இருக்கும்போதே.

காலையில் இறங்கி வந்தால் பூஜை அலமாரிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். தலையணை மடிப்புக் கலையாமல் இருந்தது. "எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டார். கற்பூரம் காட்டிவிட்டு எடுக்கலாம் என்றேன். கற்பூரத்தை அவரே தேடி எடுத்து வந்தார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலை நாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பக்கத்துத் தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். அதைப் பற்றி எழுதவில்லை.

நவம்பர் 2, சனி

மகி வந்தாள். சாப்பிடாமல் திரும்பிவிட்டாள். வேலை இருக்கிறதாம்.

நவம்பர் 5, செவ்வாய்

அலமாரித் தட்டுகளுக்குப் புதுக் காகிதம் போட்டேன். மசாலா டப்பாக்களைத் துடைத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பா மைசூர்பாகு. மகி தன் கையால் செய்தது, கொஞ்சம் கெட்டி. யாரும் தொடவில்லை. கொட்டவும் மனம் இல்லை.

நவம்பர் 9, சனி

மகிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. "நல்லா இருக்கேன்மா" என்று செய்தி வந்தது.

நவம்பர் 16, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்திருப்பதால் அது வளர்கிறது.

இரண்டாம் தேதி மகி எங்களுக்குச் சொல்லாமல், தீபாவளிக்கு ஆச்சரியப்படுத்த வந்தாள். காரை நிறுத்தி, அவளுக்குத் தெரிந்த எண்ணை அழுத்தி, கராஜ் வழியாக. நம் வீட்டுப் பழக்கப்படி செருப்பைக் கராஜிலேயே கழற்றிவிட்டாள். வெறும் சாக்ஸ். கையில் டப்பா. அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் போய்க் கண்ணைப் பொத்துவது அவளுடைய சின்ன வயது விளையாட்டு.

நான் துணிக் கூடையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேல்படியிலிருந்து இருவரும் தெரிந்தார்கள். அவர் திரும்பி நின்றார், இரண்டு கையும் நீட்டி. மகி டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள்.

"அப்பா, நான்தான்."

அவர் கையை இறக்கவில்லை.

"அப்பா. மகிப்பா."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு அவள் தெரியவில்லை. கூடையைக் கீழே போட்டால் அந்தச் சத்தத்துக்கு என்ன ஆகும் என்று கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்த வாசனையில்தான் அவர் முகம் திரும்பி வந்தது என்று நினைக்கிறேன். துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மகி டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். கராஜுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். கார் கண்ணாடியை இறக்காமல் கையை மட்டும் அசைத்தாள்.

அன்றைக்கே கணினியில் உட்கார்ந்து தேடினேன். வீட்டுக்குள் வைத்திருந்தது தவறில்லை. இடுப்பில் வைத்திருந்தது தவறில்லை. வீட்டுக்குள் ஆள் நுழைந்தான் என்று பயந்து எடுத்ததும் தவறாகாதாம். நான் படித்தவரையில், அன்று எங்கள் அடுப்படியில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் நடக்கவில்லை.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நவிலும் நாள், இங்கே தேங்க்ஸ்கிவிங். மகி தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஒரு கோப்பை ரசத்தை ரொம்ப நேரம் குடித்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

மகி பேசினாள்! வேலை பார்க்கும் ஊரிலேயே ஒரு சின்ன ஃபிளாட் எடுத்திருக்கிறாள். தனியாக.

"சனிக்கிழமை பால் காய்ச்சணும்மா. என்னென்ன வாங்கணும்?"

"புதுப் பாத்திரம், பால், மஞ்சள், உப்பு. மிச்சம் நான் கொண்டாரேன்."

"அப்பாவும் வரணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அது இல்லாம வரணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அங்க அது செல்லாதும்மா" என்றார். "எப்படிக் கொண்டு வருவேன்?"

"சட்டத்துக்காகக் கேக்கலப்பா."

"சரிம்மா. வரேன்."

அன்று முழுவதும் அவர் நடையில் ஒரு சுறுசுறுப்பு. மகிக்கு என்று கருவிப் பெட்டி ஒன்று தயார் செய்தார். சுத்தியல், ஸ்க்ரூ, திரைச்சீலைக் கம்பி.

டிசம்பர் 14, சனி

மகியின் ஃபிளாட்டிலிருந்து எழுதுகிறேன்.

கிளம்பும் முன் துணி அலமாரியைத் திறந்து பார்த்தேன். துப்பாக்கிப் பெட்டி இருந்தது, பூட்டித்தான் இருந்தது. நான்தான் ஓட்டினேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கம்பியை ஜன்னலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் அடிக்க வேண்டும், நம் கல்யாணமான புதிதில் பால் காய்ச்சியபோது பாத்திரம் எப்படிக் கருகியது என்றெல்லாம். அலென்டவுன் தாண்டியதும் பேச்சு குறைந்தது. ஹைவேயிலிருந்து இறங்க, பாலத்துக்கு முந்தைய கடைசி எக்ஸிட் என்று பலகை வந்தது.

"பூரணி, இதுல இறங்கு."

"பாத்ரூம் போகணுமா?"

"இறங்கேன்."

ஒரு சாப்பாட்டுக் கடையின் முன் நிறுத்தினேன். அவர் வலது கை இடுப்புப் பக்கம் இருந்தது.

"எடுத்துட்டு வந்துட்டேன்."

"பெட்டி வீட்டுல இருந்துச்சே."

"பெட்டி இருக்கு."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை நின்றுவிட்டதைக் கவனிக்கவில்லை. அணைத்தேன்.

"வைக்கத்தான் போனேன். கை வரல. டிக்கியில பூட்டிருவோம் பூரணி. நம்மளை யாரு நிறுத்தப் போறா?"

"கடந்து போறவங்களுக்குத்தான்னு சொன்னாங்கல்ல. நாம அவ வீட்டுக்குப் போறோம்."

"போலீஸ் ஒண்ணும் பாக்காது."

"போலீசுக்குப் பயந்து சொல்லலங்க."

இதை நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் கடைக் கண்ணாடிக்குள் ஒரு குடும்பம் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"திரும்பிரலாமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே திரும்பக் கூடாது என்று இருந்தது.

"வேணாம். அவ காத்துக்கிட்டிருப்பா. நீ போ." கதவைத் திறந்தார். கருவிப் பெட்டியைப் பின்சீட்டிலிருந்து எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "பால் எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாத்து வந்து சொல்லு."

பாலம் சின்னதுதான். ஆறு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

மகி வாசலில் நின்றாள். என் பின்னால் பார்த்தாள்.

"அப்பா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கார்."

புது எவர்சில்வர்ப் பாத்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். பொங்கும்போது புகை அலாரம் அலறியது. நான் உடம்பைச் சுருக்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. மகியும் அதே இடத்தைத்தான் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்து அலாரத்துக்கு விசிறினாள். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று போனில் திசை பார்த்தோம். மேற்கு. பாலம் இருக்கும் பக்கம்.

மாலையில் அவர் போன் செய்தார். அழகப்பன் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டாராம். "நீ இருந்துட்டு நாளைக்கு வா." மேற்கு என்று சொன்னேன். "நல்லது" என்றார்.

வீட்டில் பையைக் கட்டும்போது என் கணினியையும் எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. ஒரு நாளுக்குத்தானே வந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

திரைச்சீலைக் கம்பி கோணலாகிவிட்டது. நாளை சரிசெய்துவிட்டுப் போகலாம்.

டிசம்பர் 18, புதன்

மகிக்கு லேசாகச் சளி. இந்த வாரம் போகட்டும்.

இங்கே ஒரு சின்ன குக்கர் வாங்கினேன். நாலு விசில் விட்டேன்.

டிசம்பர் 21, சனி

அவர் அந்தக் கடைசி எக்ஸிட்டில் வந்து நின்று போன் செய்தார். "இங்கதான் இருக்கேன். சாப்பாடு இருந்தா கொண்டு வா."

எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் அவர் பக்கம் போகும்போதுதான் சுங்கம் வாங்குகிறார்கள். வரும்போது இல்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சட்டையைத் தொளதொளவென்று வெளியே விட்டிருந்தார். நான் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று அவரும் கேட்கவில்லை. டப்பாவை அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார்.

ஜனவரி 4, சனி

மறுபடி அதே இடம். வெளியே பனி, கார் கண்ணாடியெல்லாம் வெள்ளை.

"என்ன சமைச்சீங்க?"

"தயிர்தான். அழகப்பன் பொண்டாட்டி குழம்பு குடுத்துவிட்டா. அவன்தான் தினம் வந்து உக்காந்துக்குறான். 'நான்தானேடா உனக்குச் சாட்சி'ன்னு சொல்லிச் சொல்லியே கழுத்தறுக்குறான்."

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார். பிறகு அவராகவே பேசினார்.

"அன்னைக்குக் கடையில இது என்கிட்ட இருந்திருந்தா தில் பகதூர் பிழைச்சிருப்பான்னு நெனச்சேன். தினமும் நெனப்பேன். கோப்பையை நீட்டுவான். நான் எடுப்பேன். ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நடுங்கும். நெனப்புல கூட என்னால சுட முடியல."

"விடுங்க."

"மகிகிட்ட நடுங்கல பூரணி." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். "அப்படியே கல்லு மாதிரி நின்னுச்சு. யாரோட கை அது?"

அந்தக் கைமேல் என் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

கவுன்சலிங்குக்கு மறுபடி நேரம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வாங்கிட்டேன்" என்றார். "ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். நோட்டு எங்கன்னு கேட்டாங்க. தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகி வேலைக்குப் போனாள். அவரைப் போனில் வைத்துக்கொண்டு பொங்க வைத்தேன். அலாரம் அடித்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூச்சு கேட்டது. "இருக்கேன்" என்றார்.

ஜனவரி 18, சனி

காலையில் புளியோதரை கட்டி வைத்துவிட்டு அவர் போனுக்காகக் காத்திருந்தேன். பத்தரை வாக்கில் வந்தது.

"நீ வர வேணாம். நான் பாலத்துல இருக்கேன்."

அவர் குரலுக்குப் பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

"அது எங்கங்க?"

"வீட்டுல."

பால் காய்ச்சக் கிளம்பிய அன்றும் அது வீட்டில் இருக்கிறது என்றுதான் நம்பினேன். அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். பிறகு "ஓட்டும்போது பேசாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

மகியிடம் சொன்னேன். அவள் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சங்கிலியையும் மாட்டினாள். மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உனக்குப் பயமா இல்லையாம்மா?" என்றாள்.

"இருக்கு."

இதை அவளிடம் சொன்னது இதுதான் முதல் முறை. யாரிடமும் இதுதான் முதல்.

ஃபிளாட் இரண்டாவது மாடியில். ஜன்னலிலிருந்து கார்கள் நிறுத்தும் இடம் தெரியும். இருவரும் திரைச்சீலையை விலக்கி நின்றோம். அவர் கார் வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தப் பார்த்து, மூன்றாவதில் நிறுத்தினார். இறங்கியவர் வாசல் பக்கம் வரவில்லை. தலையைத் தூக்கி ஜன்னல் ஜன்னலாகத் தேடினார். எங்களைக் கண்டுபிடித்ததும் கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை.

கனத்த கோட்டைக் கழற்றிக் கார்மேல் வைத்தார். ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினார். நேற்று விழுந்த பனி ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. வெறும் சட்டை, அதையும் பேன்ட்டுக்குள் இழுத்துச் செருகினார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு முறை மெதுவாகச் சுற்றினார். முதுகு தெரிந்தது. பெல்ட் தெரிந்தது. பேன்ட் காலைத் தூக்கிக் கணுக்கால்களைக் காட்டினார். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவர் நின்று அவரைப் பார்த்துவிட்டு, மேலே எங்களையும் பார்த்துவிட்டுப் போனார்.

"போதும்னு சொல்லும்மா" என்றாள் மகி.

நான் சொல்லவில்லை. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் இன்னொரு முறை சுற்றினார், இன்னும் மெதுவாக. ஜூனுக்குப் பிறகு இளைத்தவர் இப்போது இன்னும் இளைத்திருந்தார். சுற்றி முடித்து நின்றபோது அவருடைய வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அவர் இடது கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே நின்றார். இங்கிருந்தே தெரிந்தது, இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கப் போனது நான் இல்லை.